சூசை மாணிக்கம் எழுந்து நின்ற ஒரு நிமிஷம்

கரண்ட் எப்பக்கா வரும்?

அரை மணி நேரமா? போச்சு போங்க. நாலு மணிக்குப் பெரியவரை எடுக்கிறாங்க. அதுக்குள்ள தெருமுனையில பேனர் கட்டியாகணும். வேற கடைக்குப் போலாம்னா, இந்தத் தெரு பூரா ஒரே டிரான்ஸ்பார்மர்னு ஜெராக்ஸ்காரர் சொல்றாரு. சரி, உக்கார்றேன். ஃபோன் வேற செத்துக்கிடக்கு. கரண்ட் வந்ததும் கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடுங்க, போட்டோ அதுலதான் இருக்கு.

ஆறுக்கு நாலு போதும்க்கா. கண்ணீர் அஞ்சலி. ராயபுரம் சூசை மாணிக்கம், எழுபத்தியோரு வயசு. ஹார்பர்ல வின்ச் ஓட்டினவரு, கப்பல்லேர்ந்து சரக்கைத் தூக்கி இறக்குற மிஷினு. இன்னிக்கு விடிகாலைல தூக்கத்துலயே போயிட்டாரு. புண்ணியவான்னு எல்லாரும் சொல்றாங்க.

மேட்டரா? இந்தாங்க. அடிச்சு அடிச்சு எழுதியிருக்கேன், மன்னிச்சிருங்க. இது நாலாவது பேப்பர். எழுதுறதுதான்க்கா எனக்குத் தொழிலே. பாடுறவங்களைப் பத்தி எழுதி, பேப்பருக்கு அனுப்பி, கச்சேரி புடிச்சு, அவங்களை ஊருக்குத் தெரிய வைக்கிறது. இருபத்திரண்டு வருஷமா இதான். ஒரு சாவு வீட்டு பேனருக்கு நாலு வரி எழுத வரல. மத்ததெல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு பேருதான். மகன் பேரு. போடுறதா வேணாமான்னு தெரியல.

ஐயோ, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. சொத்துத் தகராறும் இல்ல. தங்கமான பையன், அப்பான்னா உசிரு. பேரைப் போட்டா நாங்க மாட்டிக்குவோம். அதான் விஷயம்.

எப்படின்னு சொன்னா நீங்க காறித் துப்புவீங்க. துப்புங்க, பரவால்ல. காலைலேர்ந்து யாராச்சும் துப்பித் தொலைக்க மாட்டாங்களான்னுதான் இருக்கு எனக்கு.

எனக்கு ஊரு விருத்தாசலம். பொழைக்க வந்து மவுண்ட் ரோட்டுல ஒரு கேசட் கடையில நின்னேன். அங்கதான் இந்தப் பைத்தியம் புடிச்சது. தென் அமெரிக்காப் பக்கம் ஸ்பானிஷ் பேசுற ஜனங்க பாட்டு. அதுலயும் பெரிய கம்பெனி போடுற பாட்டு இல்ல; சின்னச் சின்ன கோஷ்டிங்க தானா எழுதித் தானா பாடுறது. லத்தீன் ஆல்டர்னேட்டிவ்னு பேரு. அதுல கும்பியான்னு ஒரு தாளம் இருக்கு. கேட்டீங்கன்னா உக்காந்திருக்கிற எடத்துலயே தோளு தன்னால ஆடும். ஒரு வார்த்தை புரியாது. புரியாததுதான் நல்லா இருந்துச்சு எனக்கு.

இதை மெட்ராஸ்ல விக்கப்போறேன்னு கிளம்பினேன் பாருங்க. கொலம்பியாலேர்ந்து ஒரு கோஷ்டியைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைச்சேன். கேட்க வந்தது பதினோரு பேரு. அதுல நாலு பேரு அந்த ஓட்டல் சர்வருங்க. "சினிமாப் பாட்டு இல்லேன்னா இந்த ஊர்ல கொசுகூட வராது சார்"னு ஹால் மேனேஜர் என் தோளைத் தட்டினாரு. அப்பயும் விடல. சூடு கண்ட பூனையா இருந்தாலாவது ஒதுங்கியிருக்கும்.

அப்புறம் ஒரு நாள் ராயபுரத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தியில உக்காந்திருக்கேன். மேடையில ஒல்லியா ஒரு பையன் கீபோர்டு வாசிச்சுப் பாடுறான். தாளம் அசல் கும்பியா. வார்த்தை நம்ம தமிழு. ரேஷன் கடை கியூவு, ஷேர் ஆட்டோ, மீன் விலை. எச்சிக் கையோட மேடைகிட்டப் போய் நின்னேன். "எங்கடா கத்துக்கிட்டே இதை?"ன்னு கேட்டேன். "எங்கப்பாகிட்ட"ன்னான்.

அவன்தான் கிளமென்ட். அந்த அப்பாதான் சூசை மாணிக்கம்.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். பெரியவரு ஒரு மரப்பெட்டியைத் திறந்தாரு. உள்ள அறுபத்து மூணு கேசட். கப்பல்ல வர்ற பெரு நாட்டுக்காரன், கொலம்பியாக்காரன், ஹோண்டுராஸ்காரன் குடுத்தது. இவரு அவங்களுக்கு ஊறுகாய் குடுப்பாரு, வஞ்சிரக் கருவாடு குடுப்பாரு. அவங்க கேசட் குடுப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் லேபிள் ஒட்டி நீல மையில எழுதி வெச்சிருக்காரு. கப்பல் பேரு, தேதி, யாரு குடுத்தது. ஒண்ணுல இப்படி இருந்துச்சு: "சமையல்காரர் ரமோன் குடுத்தது. மாங்கா ஊறுகாய் ரெண்டு பாட்டில். நல்ல மனுஷன், பொண்ணுக்குக் காய்ச்சல்னு அழுதாரு." ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, பையனைத் தன் பாதத்து மேல நிக்க வெச்சு ஆடுவாராம். அப்படி வந்ததுக்கா அவனுக்கு அந்தத் தாளம்.

இதைத்தான் முதல்ல எழுதினேன். சத்தியமா இதைத்தான் எழுதினேன். ஏழு பேப்பருக்கு அனுப்பினேன். ஒருத்தன் எட்டிப் பாக்கல. கடைசியா ஒரு இங்கிலீஷ் பேப்பர்காரன் ஃபோன் பண்ணினான். "அப்பா கேசட் குடுத்தாரு, பையன் பாடுறான். இதுல கதை எங்க சார் இருக்கு? வட சென்னைப் பையன்ங்கிறீங்க, கஷ்டம் எதுவும் இல்லையா? அப்பா இப்ப என்ன பண்றாரு?"ன்னான்.

நான் சொன்னேன், "அப்பா இல்ல சார். குடிச்சே செத்துட்டாரு."

என் நாக்குல சனி. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலக்கா. வந்துச்சு, வந்ததும் நிக்கவே இல்ல. சம்பளத்தன்னிக்கு அப்பனைத் தேடிச் சாராயக்கடை வாசல்ல பையன் நிப்பான். பாத்திரத்தை அடகு வெச்சுட்டாரு. மழை நாள்ல சாக்கடை ஓரமா கிடந்தாரு. பையன் குப்பை பொறுக்கப் போனான், குப்பைமேட்டுல ஒரு கேசட் கிடைச்சுது. எல்லாம் கோர்வையா வருது. அவன் மறுமுனையில டக்கு டக்குன்னு டைப் அடிக்கிறது கேக்குது.

எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியலேன்னு சொன்னேன்ல. அது பொய். தெரியும். அந்தக் குப்பைமேட்டைத் தவிர மத்ததெல்லாம் எங்கப்பா கதை. விருத்தாசலத்துல நடந்தது. வாசல்ல நின்ன பையன் நானு. யார்கிட்டயும் சொன்னதில்ல, பொண்டாட்டிகிட்டகூட. எங்கப்பனை எடுத்து அந்த மனுஷன் மேல மாட்டி விட்டுட்டேன்.

சூசை மாணிக்கம் ஒரு சொட்டு தொட்டதில்லக்கா. முப்பது வருஷ சர்வீஸ். "வின்ச் ஓட்டுறவன் குடிச்சா கீழ நிக்கிறவன் தலை போயிரும் தம்பி"ம்பாரு. கல்யாணத்துல கேக்கோட வைன் குடுத்தாக்கூட தள்ளி வெச்சுருவாரு.

கிளமென்ட் சொல்லாம இல்ல. "அண்ணே, அப்பா உயிரோட இருக்காருண்ணே"ன்னான். மூஞ்சியில ஈயாடல. "இங்கிலீஷ் பேப்பர்தானேடா, ராயபுரத்துல யாரு படிக்கப்போறா? நாலு கச்சேரி வரட்டும், அப்புறம் திருத்திக்கலாம்"னேன். அவனுக்கு இருபத்தி ரெண்டு வயசு. நான் சொன்னா வேதவாக்கு. நானும் பொய்யின்னு நினைக்கலக்கா. தொழில்ல எல்லாரும் பண்றதுதான், என்னைவிட மோசமாப் பண்றவன் இருக்கான்... சரி விடுங்க. இதைச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு நாளு ஓட்டினேன்.

பேப்பர்ல வந்துச்சு. அரைப் பக்கம். மறுநாளே ஒரு பம்பாய்ப் பத்திரிகைலேர்ந்து ஃபோனு. போட்டோ வேணும், குப்பைமேட்டுல கேசட்டோட வேணும்னாங்க. பெரியவர்கிட்டப் போய், "ஐயா, கேசட்டெல்லாம் ஒரு நாளைக்கு வேணும், போட்டோவுக்கு"ன்னேன். பெட்டியோட தூக்கிக் குடுத்தாரு. "பத்திரம் தம்பி, சிலது நாடா தேஞ்சிருக்கு"ன்னாரு. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேத்துல போட்டேன். லேபிள் இருந்தா குப்பையில கிடைச்ச மாதிரி தெரியாதேன்னு கிழிச்சதும் நான்தான். நகத்தால சுரண்டினேன். ரமோனு, ஊறுகாய், காய்ச்சல், எல்லாம். துடைச்சுப் பெட்டியில அடுக்கித் திருப்பிக் குடுத்தேன். அவரு ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "டீ சாப்பிடுறீங்களா"ன்னாரு.

குடிச்சேன்க்கா. அந்த டீயைக் குடிச்சேன்.

அப்புறம் எழும்பூர்ல பெரிய கச்சேரி. ஹால் நிறைஞ்சு வெளிய ஜனம். பதினோரு பேருக்கு முன்னாடி நின்னவன், எழுநூறு பேரைப் பாக்கிறேன். அந்தச் சந்தோஷத்துல பெரியவருக்கும் அவரு சம்சாரம் பிலோமினா அம்மாவுக்கும் மூணாவது வரிசையில சீட்டு போட்டு, என் கையாலயே பாஸ் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன். இங்கிலீஷ்ல எழுதினதை மேடையில தமிழ்ல சொல்லுவாங்கன்னு என் மரமண்டைக்கு உறைக்கல.

தொகுத்து வழங்க ஒரு பொண்ணு வந்திருந்தா. நான் அனுப்பின குறிப்பை அப்படியே உருக உருகச் சொல்றா. "குடி ஒரு தந்தையைக் கொன்றது. ஆனால் இசை ஒரு மகனைக் காப்பாற்றியது"ங்கிறா. ஜனம் உச்சுக் கொட்டுது. நான் ஓரத்துல திரைகிட்ட நிக்கிறேன். ஓடிப்போய் மைக்கைப் புடுங்கியிருக்கணும். போகல. அதோட விட்டாளா? "மறைந்த அந்தத் தந்தைக்காக நாம் அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம்"னுட்டா.

எழுநூறு பேரும் எழுந்துட்டாங்க. பிலோமினா அம்மா மட்டும் உக்காந்திருக்காங்க. ரெண்டு கையாலயும் சீட்டைப் புடிச்சிருக்காங்க. பெரியவரு மெல்ல எழுந்தாரு. வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டுத் தேச்சது. குனிஞ்சு அம்மா கையைப் புடிச்சுத் தூக்கி நிக்க வெச்சாரு. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு நின்னாரு.

தன் சாவுக்குத் தானே எழுந்து நின்னாருக்கா அந்த மனுஷன்.

ஒரு நிமிஷம்னா எவ்வளவு நேரம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கிளமென்ட் மேடையில கீபோர்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், தண்ணி தாரை தாரையா ஊத்துது. அப்பாவை நினைச்சு அழுவுறான்னு எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. அந்தப் போட்டோதான் இன்னிக்கு வரைக்கும் எல்லா எடத்துலயும் ஓடுது.

கச்சேரி முடிஞ்சதும் ஒரு பேப்பர்காரன் பெரியவர்கிட்டப் போயி, "சார், கிளமென்டுக்கு நீங்க என்ன வேணும்?"னான். ரெண்டடி தள்ளி நான் நிக்கிறேன். அவரு என்னைப் பாத்தாரு. அவனைப் பாத்தாரு. "எதிர் வீடுங்க"ன்னாரு. "சின்ன வயசுலேர்ந்து தெரியும். நல்ல பையன்."

அவரு செருப்பாலயே அடிச்சிருந்தா எனக்கு நிம்மதி. வெளிய வந்து கையைப் புடிச்சேன். "பாட்டு நல்லா இருந்துச்சு தம்பி. எடது பக்கத்து ஸ்பீக்கருதான் கொஞ்சம் இரைஞ்சிச்சு"ன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டாரு.

ஒம்போது வருஷம் ஆச்சு. திருத்தவே இல்ல. ஹார்பர் சிநேகிதங்க, "ஏன்டா சூசை, நீ குடிச்சுச் செத்துட்டியாமே"ன்னு டீக்கடையில கேலி பண்ணினாங்களாம். அப்புறம் அவரு அந்தப் பக்கமே போறதில்ல. கிளமென்ட் பெரிய ஆளாயிட்டான். கொலம்பியாவுக்கே போனோம். அங்க ஒரு கிழவரு, அக்கார்டியன் வாசிக்கிறவரு, இவன் பாட்டைக் கேட்டுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "யாரப்பா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டாரு. கிளமென்ட் என்னைப் பாத்தான். நான், "குப்பையில கிடைச்சது"ன்னேன். உலகத்துலயே உண்மையான பதிலைப் புரிஞ்சிக்கக் கூடிய ஒரு மனுஷன்கிட்டயும் அந்தப் பொய்யையேதான் சொன்னேன்.

அவங்க வீட்டுக்குப் போவேன். போகாம இருக்க முடியாது. பெரியவரு மாறவே இல்ல, "வாங்க தம்பி"ன்னுதான் கூப்பிடுவாரு. அம்மாதான் தட்டை வெச்சுட்டு உள்ள போயிருவாங்க. ஒம்போது வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. இன்னிக்குக் காலைலதான் பேசினாங்க. மாலையோட போய் நின்னேன். "பேனர் நீங்களே பாத்துக்கோங்க"ன்னாங்க. சரிம்மான்னேன். "ஒரு தடவை கொன்னுட்டீங்க. இந்தத் தடவையாவது ஒழுங்காச் செய்யுங்க"ன்னாங்க.

கிளமென்ட் பெங்களூர்லேர்ந்து கார்ல வந்துட்டிருக்கான். ரெண்டு மணிக்குள்ள வந்துருவான். "அண்ணே, பேனர்ல என் பேரு..."ன்னு இழுத்தான். அப்புறம், "நீங்களே பாத்துச் செய்யுங்கண்ணே"ன்னு ஃபோனை வெச்சுட்டான். அவன் மேல தப்பில்ல. அடுத்த மாசம் வெளிநாட்டு டி.வி.யில அவனைப் பத்திப் படம் வருது, குப்பைமேடு, குடிகார அப்பா, எல்லாம். இந்த நேரத்துல தெருமுனையில "அன்பு மகன் கிளமென்ட்"னு தொங்கினா, ஒருத்தன் போட்டோ எடுத்துப் போட்டாப் போதும். ஃபிராடுன்னு நாறிருவோம். நான் போனா மயிராச்சு. அவன் சோத்துல மண்ணு. அதான் யோசிச்சேன், "குடும்பத்தார்"னு பொதுவாப் போட்டுரலாமா, இல்ல எழுத்தைச் சின்னதாக்கி ஓரமா...

அக்கா, கரண்ட் வந்துருச்சு.

இருங்க, ஃபோன் ஆன் ஆகட்டும், போட்டோ அனுப்புறேன். வேணாமா? ஏன்? உங்ககிட்டயே இருக்கா?

இது... இது அவருதானே. அந்த வெள்ளைச் சட்டை. எப்படிக்கா உங்ககிட்ட?

அவரே வந்தாரா? எப்ப? ஈஸ்டருக்கு முன்னாடியா? தானே வந்து உக்காந்து, தன் பேனரைத் தானே சொல்லி அடிக்கச் சொன்னாரா? அப்ப நான் பேரைச் சொன்னப்பயே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டீங்க?

சரிதான். துப்பறதைவிட இது மேலு.

கொஞ்சம் பெருசாக்குங்க, கண்ணு மறைக்குது. "கண்ணீருடன்: மனைவி பிலோமினா. மகள் ஜெனிட்டா, மருமகன், பேரப்பிள்ளைகள்." மகன் எங்க? மகன் இல்ல. கீழ என்ன? "அன்புத் தம்பி கதிரேசன்." கதிரேசன் நான்தான்க்கா. என் பேரைப் போட்டிருக்காரு. பையன் பேரை விட்டுட்டு என் பேரைப் போட்டிருக்காரு.

நீங்க கேக்கலையா, பையன் கிடையாதான்னு? கேட்டீங்களா? என்ன சொன்னாரு?

"எதிர் வீட்டுல ஒரு பையன் இருக்கான், நல்லாப் பாடுவான்"னாரா.

ஒரு நிமிஷம் இருங்க. தண்ணி இருந்தா குடுங்க. 

வெக்கமா இருக்குக்கா. இந்த நாற்காலியில உக்காந்துதானே சொல்லியிருப்பாரு.

என் பேரை எடுங்க. எடுத்துட்டு, அங்க வேணாம், மேல, மனைவி பேருக்குக் கீழ. "அன்பு மகன் கிளமென்ட்." இன்னும் பெருசா. ரோட்டுல போறவனுக்குத் தெரியணும். அடியில ஒரு வரி சேருங்க, "மகனுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர்." அவ்வளவுதான். நாலு பேப்பர்ல வராத வரி.

ஃபோன் அடிக்குது, அவன்தான். அடிக்கட்டும். வந்து பாத்துக்கட்டும்.

என்னக்கா? மறைவு தேதியா? அதை மட்டும் காலியா விட்டுட்டுப் போனாரா?

இன்னிக்குத் தேதி போடுங்க. இன்னிக்குத்தான் செத்தாரு. நேத்து வரைக்கும் உயிரோடதான் இருந்தாரு.